ஜனாதிபதி பேரு, செயலாளர் கை

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க அரசியல்வாதிகளோட ஆட்டோகிராஃப் வாங்கப் போறீங்களா? முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. பத்திரம் ஒரிஜினலா இருக்கலாம், கையெழுத்து அப்படி இல்லாமப் போகலாம்.

அரசு நிலம் வாங்கினவங்களுக்குக் கொடுத்த பட்டாவுல ஜனாதிபதியே கையெழுத்துப் போடணும். ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்துல பட்டாக்கள் மலை மாதிரி குவிஞ்சுது. அதனால 1833-ல அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டு, அவர் பேரை எழுத ஒரு செயலாளரை வைக்க அனுமதிச்சுது. அதுக்கப்புறம் வந்த பட்டா சட்டப்படி செல்லும். ஆனா அதுல இருக்கிற 'ஆண்ட்ரூ ஜாக்சன்' அவர் எழுதினது இல்ல. ஆட்டோகிராஃபா பார்த்தா மதிப்பு படுத்துடும்.

எப்போ போட்டாருங்கிறதும் முக்கியம். வில்லியம் ஹென்றி ஹாரிசன் 1841-ல பதவியேற்று ஒரே மாசத்துல இறந்துட்டார். ராணுவ அதிகாரியா, கவர்னரா அவர் போட்ட கையெழுத்து கிடைக்கும்; ஜனாதிபதியா போட்டது ரொம்ப அபூர்வம்.

பட்ஜெட் கம்மியா? 'ஃப்ராங்க்' கவர் தேடுங்க. காங்கிரஸ் உறுப்பினர்கள் தபால் கட்டணத்துக்குப் பதிலா கவர் மூலையில கையெழுத்துப் போட்டு அனுப்பினது. அதிகம் தெரியாத செனட்டர்னா விலையும் கம்மி.

காசு கொடுக்கும் முன்னாடி பேரை மட்டும் பார்க்காதீங்க, தேதியையும் பாருங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!