ராடுக்கு அடியில் நின்றவர்



சென்னை சென்ட்ரலில் ரயில் ஏறி அம்பத்தூர், ஆவடி, அரக்கோணம் என்று போனால் காட்பாடி. பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தாலும் போய்ச் சேருவது அதே வேலூர்தான். அந்த வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரியிலிருந்து வந்தவர் சதீஷ் சிவலிங்கம். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் பளுதூக்குதல் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்சில் 149, தோளில் ஏற்றிப் பிறகு மேலே தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, ஆக மொத்தம் 328 கிலோ. அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது. 2016-ல் ரியோ ஒலிம்பிக்ஸ். அங்கே 329 கிலோ தூக்கினார், கிளாஸ்கோவை விட ஒரு கிலோ கூடுதல். கிடைத்தது பதினோராம் இடம். ஒலிம்பிக் மேடை எவ்வளவு கடினமானது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சதீஷைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன. எனக்கு அவருடைய அப்பாவைப் பற்றித்தான் பேச வேண்டும். சிவலிங்கம் ராணுவத்தில் இருந்தவர். தேசிய அளவில் பதக்கம் வாங்கிய பளுதூக்கும் வீரர். ராணுவத்திலிருந்து வந்தபிறகு வேலூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் காவலாளியாக வேலை பார்த்தார். மகனுக்கு இந்த விளையாட்டின் அரிச்சுவடியைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். தேசிய வீரராக இருந்த ஒருவரின் அனுபவத்தை நம் ஊர் எங்கே உட்கார வைத்தது பாருங்கள். அந்த அனுபவம் வீணாகாமல் போனது, வீட்டில் ஒரு பிள்ளை இருந்ததால்.

இந்த விளையாட்டில் பழைய வீரர் ஏன் அவ்வளவு முக்கியம்? ஸ்நாட்சை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் கிடக்கும் ராடு தலைக்கு மேலே போக ஓரிரு விநாடிதான். முழங்கால் வரை அவசரப்படாமல் இழுக்க வேண்டும். முழங்காலைத் தாண்டியதும், தொடையை உரசுகிற மாதிரி ராடு உடம்போடு ஒட்டி ஏற வேண்டும். கை ஒரு கணம் முன்னதாக மடங்கினால் போச்சு. ராடு உடம்பை விட்டு நாலு விரல் விலகினால், ஆள் அதைத் துரத்திக்கொண்டு முன்னால் ஓடுவார். பார்க்கிற நமக்கு, பையனுக்கு பலம் போதவில்லை என்று தோன்றும். ஓரமாகக் கைகட்டி நிற்கும் மாஸ்டர் "குதிகாலைத் தூக்கிட்டே, அதான்" என்பார். ஆயிரம் தடவை அதே தப்பைத் தன் உடம்பில் செய்து, திருத்தி, அடிபட்டவருக்கு அது சட்டென்று கண்ணில் படும்.

ஆனால் தூக்கத் தெரிந்தவரெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. நல்ல வீரர்கள் பலர் மோசமான மாஸ்டர்களாக இருப்பதற்குக் காரணம், தன் உடம்புக்கு ஒத்துவந்ததையே எல்லார் மேலும் திணிப்பது. நீளத் தொடைக்காரனுக்கு ஒரு நிற்கும் முறை, குட்டைக்காரனுக்கு வேறு. இதைப் புரிந்துகொள்கிறவரே மாஸ்டர்.

தப்பைக் கண்டுபிடித்துத் திருத்துவது மாஸ்டரின் முதல் வேலை. இரண்டாவது வேலை கணக்கு. போட்டியில் ராடின் எடை ஏறிக்கொண்டே போகும், இறங்கவே இறங்காது. ஒவ்வொருவருக்கும் ஸ்நாட்சில் மூன்று, கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று வாய்ப்பு. பெயர் கூப்பிட்டால் வழக்கமாக ஒரு நிமிடம்தான். உள்ளே உடம்பைச் சூடேற்றும் அறையில் யார் எத்தனை கிலோ கேட்டிருக்கிறார் என்ற அட்டையை மாஸ்டர் பார்த்து, நம் பையனுக்கு முன்னால் இன்னும் எத்தனை தூக்கல் என்று எண்ணிக்கொண்டே இருப்பார். சீக்கிரம் சூடேற்றிவிட்டால் உடம்பு ஆறிவிடும். தாமதித்தால் மூச்சு வாங்கிக்கொண்டே மேடை ஏற வேண்டியதுதான். கடைசி வாய்ப்புக்கு எத்தனை கிலோ கேட்பது என்பது பெரும்பாலும் அவர் தலையில்தான் விடியும்.

அந்தக் கணக்குக்கு ஓர் உதாரணம். 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் கர்ணம் மல்லேஸ்வரி 110, 130 என்று மொத்தம் 240 கிலோ தூக்கியிருந்தார். சீன வீராங்கனையும் ஹங்கேரி வீராங்கனையும் 242.5. மல்லேஸ்வரிக்கு ஒரு வாய்ப்பு பாக்கி. 135 தூக்கினாலே தங்கம். ராடில் ஏற்றியது 137.5. அது நிற்கவில்லை, வெண்கலம் வந்தது. ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர், அந்தப் பெருமைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்த இரண்டரைக் கிலோவைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் இன்னமும் பேசுகிறார்கள். நான் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. வீட்டில் தாளில் கூட்டுவது சுலபம்.

இதற்கு நேர் எதிர் 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டி. சதீஷ் தொடைக் காயத்தோடு போயிருந்தார். தேசியப் போட்டியில் 194 கிலோவை முயன்றபோது பட்ட அடி. கோல்ட் கோஸ்டில் 144, 173 என்று மொத்தம் 317 எட்டியாயிற்று. அவருக்குப் போட்டியாக இருந்த இங்கிலாந்துக்காரர் 312-லேயே நின்றுவிட்டார். சதீஷ் தன் கடைசி வாய்ப்பைத் தூக்கவே இல்லை. தங்கம் கையில் இருக்கும்போது காயம்பட்ட தொடையோடு எதற்கு வம்பு? ரசிகனுக்கு ஏமாற்றம்தான். எனக்கு அந்தத் தூக்காத தூக்கல் பிடித்திருக்கிறது.

வெளிநாட்டில் ஒருவரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. டாமி கோனோ, ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பிள்ளை, ஆஸ்துமாக்காரச் சிறுவன். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க அரசு அவரைக் குடும்பத்தோடு டூலி லேக் முகாமில் அடைத்தது. எடையைத் தொட்டதே அந்த முகாமில்தான். எந்த நாடு அடைத்ததோ அந்த நாட்டுக்கே 1952-லும் 1956-லும் ஒலிம்பிக் தங்கம், 1960-ல் வெள்ளி. அதன்பிறகு 1968-ல் மெக்சிகோ, 1972-ல் மேற்கு ஜெர்மனி, 1976-ல் அமெரிக்கா என்று மூன்று நாட்டு ஒலிம்பிக் அணிகளுக்குப் பயிற்சியாளர். ஆவடியில் ஜிம்முக்குப் போகும் பையன்கள் முழங்காலில் மாட்டும் ரப்பர் உறை இருக்கிறதே, அதைப் பளுதூக்குதலுக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுவதும் கோனோதான். 2016-ல் காலமானார்.

நம் சென்னையின் மேற்குப் பகுதிக்கு வருகிறேன். அம்பத்தூரில் தொழிற்பேட்டை, ஆவடியில் டாங்கி தொழிற்சாலை, படைப்பிரிவுகள். உழைத்து உரமேறிய உடம்புகளுக்கு இங்கே பஞ்சமில்லை. ரயில்வேயும் ராணுவமும் போலீசும்தான் நம் நாட்டில் பளுதூக்குகிறவர்களுக்குச் சோறு போட்டவை. சதீஷும் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தவர்தான். அப்படி வேலைக்குச் சேர்ந்து, தூக்கி, ஓய்வுபெற்று, நம் பக்கத்துத் தெருவிலேயே பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் இருக்கக்கூடும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையை ஜிம்மில் சேர்க்கும்போது எத்தனை மெஷின் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். சொல்லிக்கொடுப்பவர் போட்டியில் தூக்கியிருக்கிறாரா, முதல் மாதங்களில் வெறும் கம்பை வைத்துப் பழக்குகிறாரா என்று கேளுங்கள். முதல் வாரமே பிளேட்டை ஏற்றச் சொன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். அவர்களுக்கான போட்டி ராடு 15 கிலோதான், ஆண்களுக்கு 20. நீங்களே பழைய வீரராக இருந்தால், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டு பிள்ளைகள் போதும் தொடங்குவதற்கு.