கூட வெளிச்சம், குறைஞ்ச ஆயுசு: ஹெட்லைட் பல்பு கணக்கு

இன்னைக்கு ஹெட்லைட் பல்பு. "அதுல பேச என்ன இருக்கு?"ன்னு கேக்கறவங்களுக்கு முதல்ல ஒரு ராத்திரி கதை.

திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலை போற ரோடு. செஞ்சி தாண்டியாச்சு. பக்கத்து சீட்ல அப்பா. எதிர்ல ஒரு பஸ், லாரியை ஓவர்டேக் பண்ணி நேரா எங்க மேல வருது. வண்டியை மண்ணுல இறக்கி நிறுத்திட்டேன். டிரைவரைத் திட்டிக்கிட்டே இறங்கி முன்னாடி போய்ப் பார்த்தா, தப்பு என் வண்டியில. வலது பக்க பல்பு எரியலை. இடது பக்கம் ஒத்தை லைட். அவருக்கு நான் ரோட்டோரமா வர்ற பைக் மாதிரி தெரிஞ்சிருப்பேன்.

அந்த பல்பு போட்டு எட்டு மாசம்தான் ஆச்சு. டப்பாவுல "150 சதவீதம் அதிக வெளிச்சம்"னு போட்ட பெர்ஃபார்மன்ஸ் பல்பு. ஏன் இவ்ளோ சீக்கிரம் போச்சு?

ஹாலஜன் பல்புக்குள்ள இருக்கறது டங்ஸ்டன் இழை. எரியும்போது டங்ஸ்டன் கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகும். உள்ள இருக்கற ஹாலஜன் அதைப் பிடிச்சுத் திரும்ப இழைக்கே கொண்டு வந்து விடும். ஆனா எடுத்த இடத்துலேயே வைக்காது. அதனால ஒரு இடம் மெலிஞ்சு, ஒருநாள் அறுந்துடும். பெர்ஃபார்மன்ஸ் பல்புல இழையை இன்னும் அதிக சூட்டுல எரிய விடறாங்க. ப்ராசசரை ஓவர்கிளாக் பண்ற மாதிரி. பொதுவான கணக்கு இதுதான்: ஒரு பல்புக்கு வோல்டேஜை 5 சதவீதம் ஏத்தினா வெளிச்சம் சுமார் 18 சதவீதம் கூடும், ஆயுசு கிட்டத்தட்ட பாதியாயிடும்.

அப்போ அந்த 150? எச்4 பல்புக்கு சர்வதேச விதி இருக்கு. 13.2 வோல்ட்ல லோ பீம் 1000 லூமென், ஹை பீம் 1650 லூமென். 15 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். விதிப்படி செஞ்ச எந்த பல்பும் இதைத் தாண்ட முடியாது. 150ங்கறது மொத்த வெளிச்சம் இல்லை. ரோட்டுல ஒரு குறிப்பிட்ட பகுதியில விழற வெளிச்சத்தை, சட்டம் கேக்கற குறைந்தபட்ச அளவோட ஒப்பிட்டுச் சொல்றது.

அதுக்காக வாங்கவே கூடாதுன்னு சொல்லலை. ராத்திரி ஹைவேல அதிகம் ஓட்டறவங்களுக்கு வித்தியாசம் தெரியும். ஆனா ரெண்டு பக்கமும் ஜோடியா மாத்துங்க. ஒண்ணு போச்சுன்னா அடுத்ததும் க்யூல நிக்குதுன்னு அர்த்தம். டிக்கியில ஒரு ஸ்பேர் வைங்க. கண்ணாடியை வெறும் கையால தொடாதீங்க. விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகமா சூடாகி பல்பு சீக்கிரம் போகும்.

பல்புக்குக் காசு போடறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, மஞ்சளடிச்ச லென்ஸைப் பாலிஷ் போடுங்க. ரெண்டு, லைட் விழற உயரத்தை செட் பண்ணுங்க. மூணு, எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட ஹோல்டர்ல வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்க. பழைய வயரிங்ல 13.2க்குப் பதிலா 12 வோல்ட்தான் வந்து சேருதுன்னா, கால்வாசிக்கு மேல வெளிச்சம் அங்கேயே போச்சு. ரிலே வச்சு நல்ல வயர் இழுத்தா சாதா பல்பே பளிச்சுன்னு எரியும்.

100/90 வாட் பல்பு வேண்டாம். 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் போற வயர்ல 100 வாட்டுக்கு 8 ஆம்பியருக்கு மேல போகும். ஹோல்டர் உருகிடும். ஹாலஜன் ரிஃப்ளெக்டர்ல எல்இடி சொருகறதும் வேண்டாம். இழை இருக்கற இடத்தைக் கணக்குப் பண்ணி செஞ்ச ரிஃப்ளெக்டர் அது. வெளிச்சம் சிதறி எதிர்ல வர்றவர் கண்ணைக் கூசும். அவருக்குக் கண்ணு தெரியலைன்னா ஆபத்து நமக்கும்தான்.

நான் இப்போ சாதா பல்புக்கே திரும்பிட்டேன். கிளம்பறதுக்கு முன்னாடி சுவர்ல லைட் அடிச்சுப் பார்த்துக்கறேன். அப்பா அதையும் நம்பறதில்லை. வண்டி முன்னாடி போய் நின்னு, "ரெண்டும் எரியுதுடா"ன்னு சொல்லிட்டுதான் ஏறுவார்.

நீங்களும் இன்னைக்கு ராத்திரி ஒரு தடவை பார்த்துடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!