அண்மைப் படத்திற்கு ஏற்ற விளக்கு



அரியலூரிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது கீழப்பழுவூர். பழுவேட்டரையர்களின் பெயரோடு இணைந்த ஊர் இது. இங்குள்ள ஆலந்துறையார் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புக்கல் நிலத்திலோ, 6 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கிரெட்டேசியஸ் காலத்துக் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. கல்வெட்டாயினும் புதைபடிவமாயினும், கண்ணுக்குப் புலப்படுவது கல்லின் மேடும் பள்ளமுமே. அவற்றை அருகிலிருந்து படம் பிடிக்க எத்தகைய விளக்கு வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியனாக இருந்தபோது, மாணவன் ஒருவன் வயலில் கிடந்த அம்மோனைட் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். உள்ளங்கையளவுள்ள அந்தச் சுருள் கல்லை, காமிராவோடு பொருந்திய பிளாஷ் விளக்கினால் நேருக்கு நேர் படம் பிடித்தேன். கல்லை அவன் வீட்டுக்கு எடுத்துச் சென்றான். சில ஆண்டுகள் கழித்து நிலவியல் பேராசிரியர் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். "வட்டம் தெரிகிறது, வரிகள் தெரியவில்லையே! எந்த இனம் என்று எப்படிச் சொல்வேன்?" என்றார். கல்லைத் தேடினோம். அது வீட்டு அடித்தளத்தில் மற்றக் கற்களோடு கற்களாகப் போய்விட்டிருந்தது.

பிழை காமிராவில் இல்லை; ஒளி வந்த திசையில் இருந்தது. நேர் எதிரே விழும் ஒளி மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றுபோலவே விளக்குகிறது. நிழலின்றேல் உருவமில்லை. ஆதலால் விளக்கைக் காமிராவிலிருந்து பிரித்துப் பக்கவாட்டில், கல்லின் பரப்பை ஒட்டினாற்போல் தாழ வைக்க வேண்டும். தேய்ந்த கல்வெட்டுக்கு 10 முதல் 20 பாகைச் சாய்வு நல்ல பயன் தரும். புதைபடிவத்திற்கு ஒளி இடப்புறம் மேலிருந்து வருவதே அறிஞரிடையே வழக்கம். ஒளி மேலிருந்து வருவதாகவே நம் கண் கருதுவதால், கீழிருந்து ஒளியூட்டினால் பள்ளம் மேடாகத் தோன்றி மயக்கும்.

அடுத்தது தொலைவு. 10 செ.மீ. அகலமுள்ள கல்லின் ஓரத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு சிறு விளக்கை வையுங்கள். மறு ஓரம் 20 செ.மீ. தொலைவாகிறது, அங்கே கால் பங்கு ஒளியே சேரும். விளக்கை 100 செ.மீ. தள்ளினால் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சேரும். வகுப்பில் படித்த எதிர்வர்க்க விதி இங்கே பயன்படுகிறது அல்லவா?

விளக்கைத் தள்ளினால் ஒளி குறையுமே என்பீர்கள். உண்மை. பொருளின் அளவிலேயே படம் அமையும்போது, வழக்கத்தைப்போல் ஏறத்தாழ 4 மடங்கு ஒளியும் தேவைப்படுகிறது. அசையாத கல்லுக்கு இது குறையன்று. காமிராவை முக்காலியில் நிறுத்தி, ஒளி புகும் நேரத்தை நீட்டித்துக்கொள்ளலாம். நடமாடும் எறும்புக்கோ காற்றிலாடும் மலருக்கோ அது இயலாது; அங்கேதான் பிளாஷ் வேண்டும்.

லென்ஸைச் சுற்றிப் பொருத்தும் வளைய விளக்கு, நிழல் வேண்டாத இடத்திற்கு உரியது, கல்வெட்டுக்கு ஆகாது. பளபளக்கும் வண்டின் முதுகுக்கு மெல்லிய வெள்ளைத் தாளின் ஊடே வடிந்துவரும் மென்மையான ஒளி ஏற்றது. மலரின் நிறம் மாறாதிருக்க, நிறங்காட்டும் தரம் 90க்கு மேற்பட்ட எல்.இ.டி. விளக்கைத் தேர்ந்துகொள்க.

முதன்முதலில் வாங்குவோருக்கு, தாங்கியில் நிறுத்தத்தக்க சிறு எல்.இ.டி. விளக்கு ஒன்றும், எதிர்ப்புறம் நிழலைத் தணிக்க ஒரு வெள்ளை அட்டையும் போதும். அதற்கும் வசதியில்லையா? முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிச் சுவர்மேல் சாய்வாக விழச் செய்யுங்கள். எழுத்துகள் எழுந்து நிற்கும். தெளிவு வேண்டிக் கல்வெட்டின்மேல் சுண்ணக்கட்டி தேய்ப்பதோ எண்ணெய் பூசுவதோ கூடாது.

1846ஆம் ஆண்டில் எட்வர்டு போர்ப்ஸ் என்னும் பிரித்தானிய அறிஞர் தென்னிந்தியப் புதைபடிவங்களை விவரித்து வெளியிட்டபோது, அவற்றின் உருவங்களை ஓவியரின் கையே வரைந்து தந்தது. இன்று அப்பணியை உங்கள் கைப்பேசியே செய்யும். கல் உடையலாம், தொலையலாம். ஒளியறிந்து எடுத்த படம் நிற்கும். ஒரு கல்லைக் கண்டால் இருந்த இடத்திலேயே, பக்கத்தில் அளவுகோல் வைத்து, ஒளியைச் சாய்த்துப் படம் எடுங்கள். நான் இழந்ததை நீங்கள் இழக்க வேண்டாம்.