காட்டுக்குப் போறவங்க தெரிஞ்சிருக்க வேண்டியது

(தோட்டத்துச் சமூக மண்டபத்தில் தாய்மார் சங்கக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற தோட்ட வைத்திய உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



காட்டைப் பத்தி நமக்கு யாரும் புதுசா சொல்லித் தரணுமான்னு நீங்க கேக்கலாம். விறகுக்கு வாரத்துக்கு ரெண்டு தரம் போறோம், கீரை பறிக்கப் போறோம், பிள்ளைகள் பழம் தேடிப் போகுது. அடிக்கடி போறதாலதான் பேச வந்தேன். பழகின இடத்தில்தான் கவனம் குறையும்.

நம்ம ஆட்களுக்குக் காடு சோறு போட்ட காலம் உண்டு. 1973, 1974 பஞ்சத்தில் கூப்பன் அரிசியும் மாவும் குறைஞ்சபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. அறுபது வயசைத் தாண்டினவங்களுக்கு அது ஞாபகம் இருக்கும். காட்டுக் கிழங்கும் கீரையும் அவிச்சுத் தின்னு பலபேர் உயிர் தப்பினாங்க. 2022இல் மாவும் காஸும் யானை விலை ஆனபோது மறுபடியும் கூடையைத் தூக்கிக்கிட்டு மேல போனோம். ஆனா இடைப்பட்ட காலத்தில் அப்பாயி, அம்மாயிகளில் பலபேர் போய்ச் சேந்துட்டாங்க. எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாதுங்கிற அறிவு பாதி அவங்களோடயே போயிருச்சு. பசி மட்டும் திரும்பி வந்தது. ஆபத்து அங்கேதான் இருக்கு.

முதலில் ஒண்ணு சொல்லிடறேன். தோட்டத்துக்கு மேல முடியில் நிக்கிற காடு சும்மா மிஞ்சினது இல்லை. 5000 அடிக்கு மேல உள்ள காட்டை அழிக்கக்கூடாதுன்னு 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞர் ஆலோசனை சொன்னார். நம்ம பீலியில் கோடையிலயும் தண்ணி வருதுன்னா அந்தக் காட்டாலதான். தேசிய வனத்துக்குள்ளயும் ஒதுக்குக் காட்டுக்குள்ளயும் அனுமதி இல்லாம நுழைஞ்சு எதையும் எடுக்கிறது சட்டப்படி குற்றம். நான் சொல்றதெல்லாம் மலையோரம், ஆத்தோரம், கான் ஓரம், நமக்குப் போக உரிமை உள்ள இடங்களுக்குத்தான்.

கீரையில் இருந்து ஆரம்பிப்போம். வல்லாரை, பொன்னாங்காணி, மணத்தக்காளி, குப்பைக் கீரை நாலும் நம்ம கண்முன்னாலேயே முளைக்குது. கொழுந்து பறிக்கிற பெண்களில் ரத்தம் குறைஞ்சவங்க நிறைய. அவங்களுக்கு இந்தக் கீரை நல்லது. ஆனா சாப்பிட்ட கையோட சாயத் தண்ணி குடிச்சா கீரையில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராது. ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க. கீரையில் கொஞ்சம் தேசிக்காய் பிழிஞ்சா சத்து நல்லா சேரும். களைக்கு மருந்து அடிச்ச மலையில் கீரை பறிக்காதீங்க. எந்த மலைக்கு எப்போ அடிச்சாங்கன்னு கங்காணியிடம் கேளுங்க. லயத்துக் கானிலும் கக்கூஸ் தண்ணி ஓடுற இடத்திலும் வல்லாரை கொழுகொழுன்னு வளரும். பாக்க அழகா இருந்தாலும் அது வேண்டாம்.

அடுத்தது பழம். மணத்தக்காளி கறுத்துப் பழுத்தாத்தான் பழம், பச்சைக் காய் நஞ்சு. உறைக்குள்ள மஞ்சளாப் பழுக்கிற சின்னத் தக்காளிப் பழமும் அப்படித்தான். நாயுண்ணிப் பச்சைக் காயும் ஆகாது. ஓடையோரத்தில் வெள்ளைக் குழல் மாதிரி பெரிய பூ கீழ்நோக்கித் தொங்குமே, அது ஊமத்தைக்குச் சொந்தக்கார மரம். இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. அதைத் தின்ன பிள்ளைக்கு வாய் வறளும், கண்மணி விரியும், பேய் பிடிச்ச மாதிரி பிதற்றும். அப்போ கோடாங்கியைத் தேடாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க.

கிழங்கு தோண்டுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. கார்த்திகைப் பூக் கொடியின் கிழங்கை வள்ளிக்கிழங்குன்னு நினைச்சு அவிச்சுத் தின்னு நம்ம நாட்டில் உயிர்கள் போயிருக்கு. கொடியில் இலையோ பூவோ இல்லாத காலத்தில் முகம் தெரியாத கிழங்கைத் தோண்டவே கூடாது.

இப்போ காளான். இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்லணும். மழை விட்டதும் கூடை கூடையா வருது, ருசியும் அதிகம். நல்ல காளானையும் கெட்ட காளானையும் பிரிக்க நம்ம ஆட்கள் சில சோதனை வச்சிருக்காங்க. வெள்ளிக் காசைப் போட்டா கறுக்கும், வெங்காயம் நிறம் மாறும், பூச்சி அரிச்சிருந்தா நல்லது, நல்லா வேகவச்சா நஞ்சு போயிரும்னு சொல்றாங்க. இந்த நாலும் பொய். கொல்லுற காளான் காசைக் கறுக்க வைக்காது. பூச்சி அதைத் தின்னும். கொதிக்க வச்சாலும் காய வச்சாலும் அந்த நஞ்சு போகாது.

இதைவிடப் பெரிய மோசம் ஒண்ணு இருக்கு. மோசமான வகையைத் தின்னா உடனே ஒண்ணும் தெரியாது. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், சில வேளை அதுக்கும் பிறகுதான் வாந்தியும் வயித்தாலயும் தொடங்கும். அடுத்த நாள் குணமான மாதிரி தெரியும். "சரியாப் போச்சு"ன்னு பிரட்டுக்குக்கூட போவாங்க. உள்ளே ஈரல் அழிஞ்சுகிட்டு இருக்கும். மூணாம் நாள் கண் மஞ்சளாகி ஆளே போயிரலாம். ஒரு சட்டியில் ஆக்கினதை ஒரு காம்பராவே சாப்பிடும். அதனால ஒரு ஆளோட நிக்காது, குடும்பமே போயிரும். சின்ன வயசில் இருந்து பறிச்சுப் பழகின பெரியவங்க கையில் எடுத்துப் பாத்து "இதுதான்"னு சொல்லாத காளானை அடுப்பில் ஏத்தாதீங்க. அவங்களுக்கே சந்தேகம்னா வீசிடுங்க.

"குரங்கு தின்னுது, நாமளும் தின்னலாம்"னு சொல்றதும் சரியில்லை. அதோட வயிறு வேற, நம்ம வயிறு வேற. நாக்கு நுனியில் வச்சுப் பாக்கிறதும் சோதனை ஆகாது. பேரை மட்டும் நம்பவும் கூடாது. ஒரே பேரை ரெண்டு தோட்டத்தில் ரெண்டு செடிக்குச் சொல்லுவாங்க.

காட்டில் வழி தவறினா என்ன செய்யிறது? போகுமுன்னே எந்தப் பக்கம் போறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம்னு லயத்தில் ஒருத்தரிடம் சொல்லிட்டுப் போங்க. தனியாப் போகாதீங்க. மலைநாட்டில் பத்து நிமிஷத்தில் மூடுபனி இறங்கிரும். இறங்கினா நடக்காதீங்க, நின்ன இடத்திலேயே நில்லுங்க. ஓடையைப் பிடிச்சு இறங்கினா ஊர் வரும்னு சொல்லுவாங்க, நம்ம ஓடைகள் பாறையில் இருந்து குதிக்கிற ஓடைகள். ஒரு ராத்திரிப் பசியில் யாரும் சாகிறதில்லை, நனைஞ்சு குளிரில் விறைச்சாத்தான் ஆபத்து. படங்கோ பொலித்தீன் உரப்பையோ எப்பவும் கூடையில் இருக்கட்டும். தெரியாத பழத்தைத் தின்னுறதைவிட பசியோட விடியிறவரை இருக்கிறது நல்லது.

குளவிக் கூடு கண்ணில் பட்டா கல் எறியாதீங்க, புகை போடாதீங்க, சத்தமில்லாம விலகுங்க. கிளம்பிட்டா கையை வீசாம, படங்கால தலையும் முகமும் மூடிக்கிட்டு நிக்காம ஓடுங்க. நிறையக் கொட்டு வாங்கினவங்க வலி குறைஞ்சாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்.

யாராவது தெரியாததைத் தின்னுட்டா சாணித் தண்ணி, சோப்புத் தண்ணி, எண்ணெய் எதையும் குடிக்கக் குடுக்காதீங்க. 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் இலவசமா வரும். தின்ன செடியில், காளானில் மிச்சம் இருந்தா கடதாசியில் சுத்திக் கொண்டு போங்க. வாந்தியானாலும் பரவாயில்லை, ஒரு போத்தலில் எடுங்க. வைத்தியருக்கு அதுதான் சாட்சி. கூடச் சாப்பிட்ட எல்லாரையும் கூட்டிப் போங்க, வருத்தம் இல்லைன்னு சொல்றவங்களையும் சேத்து.

கடைசியா ஒரு வேண்டுகோள். இந்த ஞாயித்துக்கிழமை வீட்டில் உள்ள அம்மாயியையோ தாத்தாவையோ மெதுவாக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு, பிள்ளைகளோட மலையோரம் வரை நடங்க. மாசத்துக்கு ஒரு செடி போதும். இலை, பூ, காய், வாசம், அது முளைக்கிற இடம், அதைப் போலவே இருக்கிற கெட்ட செடி, இவ்வளவையும் பிள்ளைகள் ஒரு கொப்பியில் வரைஞ்சு எழுதட்டும். வருசம் முடிய பன்னிரண்டு செடி வந்திரும். பஞ்சம் வந்தாலும் வராட்டியும் அந்தக் கொப்பி அந்தப் பிள்ளைக்கு நாம குடுக்கிற சொத்து.