அவை சிரிக்காவிட்டால்



நகைச்சுவை நடிப்பைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். நான் ஒரே நடிகரை எடுத்துக்கொள்கிறேன்: மேத்யூ பெர்ரி. 'ஃபிரெண்ட்ஸ்' தொடரின் சாண்ட்லர் என்றால் இங்குள்ள இளையவர்களுக்குச் சட்டென்று விளங்கும். 2023 அக்டோபர் 28 அன்று, 54 வயதில் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த அவருடைய தன்வரலாற்றில் நடிகர்களின் வழக்கமான பணிவுரை கிடையாது. புகழால் வந்தது என்ன, போனது என்ன என்று வரவுசெலவு பார்க்கிறார்.

முதலில் அந்தத் தொழிலின் நடைமுறை. கலிபோர்னியாவின் பர்பாங்கில், வார்னர் பிரதர்ஸ் அரங்கில், சில நூறு பார்வையாளர்களை எதிரே உட்காரவைத்துப் பல கேமராக்களால் தொடரை எடுத்தார்கள். ஒரு வசனத்துக்குச் சிரிப்பு எழவில்லையென்றால் எழுத்தாளர்கள் அங்கேயே கூடி வேறொன்று எழுதித் தருவார்கள். நடிகர் அடுத்த டேக்கிலேயே அதைப் பேசவேண்டும். சினிமா நடிகருக்குத் தோற்றது தெரிய மாதங்கள் ஆகும். இவர்களுக்கு அரை நொடி போதும். 2021இல் தொடரின் முதன்மை நடிகர்கள் ஆறு பேரும் மீண்டும் கூடிய நிகழ்ச்சியில் பெர்ரி மனம் திறந்தார்: அவை சிரிக்காவிட்டால் செத்துவிடுவோம் என்று தோன்றுமாம், ஒவ்வொரு இரவும். அதை அவர் அந்நாளில் சொன்னதாக நினைவில்லையே என்றார் லிசா குட்ரோ. பத்து ஆண்டு பக்கத்தில் நின்று நடித்தவர்!

இந்தப் பதற்றம் பர்பாங்கில் தொற்றியது அல்ல. தந்தை ஓல்டு ஸ்பைஸ் விளம்பர நடிகர்; தாய் கனடாப் பிரதமர் பியேர் ட்ரூடோவின் பத்திரிகைச் செயலாளர். பெற்றோர் பிரிந்துவிட, ஐந்து வயதில் துணைக்கு ஆளில்லாமல் விமானமேறித் தந்தையைப் பார்க்கப் போன பிள்ளை. வேலை ஓயாத தாயைச் சிரிக்கவைத்தால்தான் அவர் தன் பக்கம் திரும்புவார் என்று அப்போதே தெரிந்துகொண்டதாக எழுதுகிறார்.

யாரும் எதிர்பாராத சொல்லில் அழுத்தம் கொடுக்கும் அந்தச் சாண்ட்லர் பேச்சுகூட ஒட்டாவாவில் பள்ளித் தோழர்களோடு பழகியதுதான். ஆனால் அந்தச் சாண்ட்லர் வேடமே கைநழுவப் பார்த்தது. 2194ஆம் ஆண்டின் விமான நிலையத்தில் பெட்டி தூக்குபவர்களைப் பற்றிய ஒரு தொடருக்கு முன்பே ஒப்பந்தமாகியிருந்தார். நல்லவேளை, அது எடுபடவில்லை. பிறகு ஊரெல்லாம் சாண்ட்லரின் அந்தப் பேச்சைப் பேசிக்காட்டத் தொடங்கியது. சொந்தப் பேச்சே பிறர் செய்யும் மிமிக்ரியாகக் காதில் விழுந்தால் என்ன செய்வது? ஆறாவது சீசன் வாக்கில் பெரும்பாலும் இயல்பாகவே பேச ஆரம்பித்துவிட்டார்.

சம்பளம் முதல் ஆண்டில் ஓர் எபிசோடுக்கு 22,500 டாலர். கடைசி இரண்டு சீசன்களில் 10 லட்சம் டாலர். தனியாகக் கேட்டிருந்தால் அதிகம் வாங்கியிருக்கக்கூடிய சக நடிகர் டேவிட் ஷ்விம்மர், ஆறு பேரும் ஒன்றாகவே பேரம் பேசுவோம் என்று சொன்னதை பெர்ரி நன்றியோடு குறிப்பிடுகிறார். தொழிற்சங்கக்காரர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய இடம்.

என்னை என்ன வேண்டுமானாலும் செய், புகழை மட்டும் கொடு என்று கடவுளிடம் மண்டியிட்டதாகவும், சில வாரங்களில் சாண்ட்லர் வாய்ப்பு வந்ததாகவும் ஒரு கதை சொல்கிறார். கொஞ்சம் அளவெடுத்துத் தைத்த கதை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் 2001 மே மாதம் ஒளிபரப்பான சாண்ட்லரின் திருமணக் காட்சி அப்படியல்ல. நாடே பார்க்கக் காத்திருந்த அந்தக் காட்சியில் மாப்பிள்ளையாக நின்றுவிட்டு, அப்போது தான் சிகிச்சை பெற்றுவந்த போதை மறுவாழ்வு மையத்துக்கே வண்டியில் திருப்பி அனுப்பப்பட்டார். பிற்பாடு மாலிபுவில் தன் வீட்டையே குடியை விட்டவர்கள் தங்கும் இல்லமாகச் சில காலம் நடத்தினார்.

2016இல் லண்டனில் அவர் எழுதிய 'தி எண்ட் ஆஃப் லாங்கிங்' நாடகம் மேடையேறியது. குடிகாரன் ஜாக்காக அவரே நடித்தார். விமர்சகர்கள் பெரிதாக மெச்சவில்லை. எனக்கு விமர்சனத்தைவிட அவர் அங்கே போனதுதான் வியப்பு. வசனம் விழுந்தால் மாற்றித்தர எழுத்தாளர் கூட்டம் இல்லை, இன்னொரு டேக் இல்லை. அவை ஒரு கணம் மௌனமானால் செத்துவிடுவோம் என்று நடுங்கியவர் ஏன் போனார்? என் ஊகம் இது: தன் குடியைப் பற்றி ஜாக் பேசும் இடத்தில் சிரிப்பு எழுந்தால்தான் பெர்ரி தோற்றார் என்று பொருள்.