‘டெவலப்பர்’ எதனை அவிழ்த்தான்?

(சுரக்குடியில் ஆற்றிய உரை)



1954 வரை பிரெஞ்சியர் ஆண்ட காரைக்கால் மண் இது. ‘டெவலப்பர்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வேரும் பிரெஞ்சே. பொதிந்ததை அவிழ்த்தல் என்பதே அதன் முதற்பொருள். மடலுறையாகிய ‘என்வலப்’ அதற்கு உடன்பிறப்பு.

படச்சுருளில் மறைந்துள்ள உருவைத் துலக்கும் நீர்மத்திற்கு அப்பெயர் பொருந்தும். அதனை உருத்துலக்கி என்போம். கணினிக்கு நிரல் யாப்பவன் நிரலாளன்.

ஆனால், காவிரிநீர் பாய்ந்த நன்செய்யைத் தூர்த்து, கல் நட்டு, கூறுகூறாய் விற்பவனுக்கும் அதே பெயரா? அவன் எதனை அவிழ்த்தான்? விளைநிலத்தை மூடினான்! அவன் மனை வணிகன். ‘மேம்படுத்துநன்’ என மொழிபெயர்த்து நாமே அவனுக்கு முடிசூட்டலாமா?

செயலறிந்து பெயரிடுக! சொல் தெளிந்தால் ஏய்ப்பும் புலப்படும், நிலமும் பிழைக்கும்.