ஒரே ஊர், வேறு வேறு வீட்டு வரி



பிப்ரவரிக் கடைசியிலும் ஆகஸ்டுக் கடைசியிலும் ஜார்ஜ் டவுனில் வீடு வைத்திருக்கும் நம்மில் பலருக்கு ஒரே மனக்குறை. "தங்கச்சிக்கு ஜெலுத்தோங்கில் வீடு. அங்கேயும் மூன்று அறை. புலாவ் தீக்குசில் நமக்கும் மூன்று அறை. அவளுக்கு வரி குறைவு, நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு?" என்று கேட்கிறோம். மன்றத்தார் ஆளுக்கொரு நீதி செய்கிறார்கள் என்று முடிவும் கட்டிவிடுகிறோம்.

நாம் இங்கே பேசுவது மதிப்பீட்டு வரியைப் பற்றி. மலாயில் இதைச் சுக்காய் பிந்து, அதாவது கதவு வரி, என்பார்கள். நில வரி வேறு. அது மாநில அரசுக்குப் போவது. கதவு வரியோ குப்பை அள்ளவும், சாக்கடையைத் துப்புரவு செய்யவும், தெருவிளக்கு எரியவும் ஊராட்சி மன்றம் வாங்குவது. இன்று பினாங்குத் தீவு முழுவதற்கும் ஒரே மாநகர் மன்றம் என்பதால், ஜெலுத்தோங்கும் புலாவ் தீக்குசும் ஒரே பெட்டியில்தான் பணம் போடுகின்றன.

அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தைப் பார்ப்போம். நம் வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிடுவார்கள். பழுதுபார்ப்பது, காப்புறுதி, வரி எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு. இதற்கு ஆண்டு மதிப்பு என்று பெயர். நாமே குடியிருந்தாலும் விதிவிலக்கு இல்லை. நமக்கு நாமே வாடகைக்காரர் என்று சட்டம் பாவித்துக்கொள்கிறது! இந்த ஆண்டு மதிப்பில் இத்தனை விழுக்காடு என்பதே வரி. 35 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம் போட்ட எல்லை. குடியிருப்புக்கு ஒரு விழுக்காடு, வணிகக் கட்டடத்துக்கு வேறொன்று என்று வகைக்கேற்ப வைப்பதும் உண்டு.

ஒரு கணக்குப் போடுவோம். எளிமைக்காகப் பத்து விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 500 வெள்ளி வாடகை பெறும் வீட்டின் ஆண்டு மதிப்பு 6,000 வெள்ளி, வரி 600 வெள்ளி, அரையாண்டுக்கு 300. மாதம் 900 வெள்ளி பெறும் வீட்டுக்கோ வரி 1,080 வெள்ளி. விழுக்காடு ஒன்றுதான். அறைகளும் மூன்றுதான். வாடகைதான் வேறு. ஆகவே தங்கச்சியின் ரசீதோடு நம் ரசீதை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. நம் தெருவில், நம்முடையதைப் போன்ற வீடு என்ன வாடகைக்குப் போகிறது என்பதே பார்க்க வேண்டியது.

ஆனால் ஜார்ஜ் டவுனில் இந்த "நியாயமான வாடகை" லேசுப்பட்ட விஷயமல்ல. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டிப்போட்டிருந்தது. சூலியா தெரு, குயின் தெரு வட்டாரத்துக் கடைவீடுகளை நாம் அறிவோம். கீழே கடை, மேலே இரண்டு மூன்று குடும்பங்கள். பாட்டன் கொடுத்த வாடகையைப் பேரனும் கொடுத்துவந்தான். சில வீட்டுக்காரர்களுக்குக் கூரை ஓடு மாற்றக்கூட அந்த வாடகை போதவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1997இல் அந்தச் சட்டத்தை நீக்கச் சட்டம் வந்தது. இடைக்காலம் முடிந்து, 2000 ஜனவரி முதல் நாளில் கட்டு முழுதும் அவிழ்ந்தது. பலர் வீட்டைக் காலி செய்து ஆயர் ஈத்தாம் பக்கமும் அதற்கு அப்பாலும் போனார்கள். 2008இல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. பிறகு அதே கடைவீடுகள் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. பக்கத்துக் கதவில் விடுதிப் பலகை தொங்கும்; நடுவில் ஒரு வீட்டில் ஒரு பாட்டி இன்னும் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார். அந்தப் பாட்டியின் வீட்டுக்கு நியாயமான வாடகை எது? விடுதியின் வாடகையைக் கொண்டு அதை அளப்பது முறையாகாது. குடியிருக்கும் வீட்டைக் குடியிருக்கும் வீட்டோடுதான் ஒப்பிட வேண்டும். அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் அந்தப் பாட்டி, அல்லது அவருடைய பிள்ளைகள்.

மதிப்பீட்டுப் பட்டியலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்கிறது சட்டம். மாநில அரசு அந்தக் காலத்தை நீட்டிக்கலாம். பினாங்குத் தீவில் 2005க்குப் பிறகு 2020இல்தான் புதிய பட்டியல் நடைமுறைக்கு வந்தது. பதினைந்து ஆண்டில் எல்லா வீடுகளின் வாடகையும் ஒரே சீராக ஏறுவதில்லை. மன்றம் விழுக்காட்டைக் குறைத்து மொத்த வசூலைப் பழைய அளவிலேயே நிறுத்தினாலும், வாடகை வேகமாக ஏறிய தெருக்காரர் முன்பைவிடக் கூடுதலாகக் கொடுப்பார். மெதுவாக ஏறிய தெருக்காரருக்குச் சுமை இறங்கும்.

ஒரு காலத்தில் இதையெல்லாம் வாக்குப் பெட்டியில் கேட்க முடிந்தது. 1951 டிசம்பரில் நம் ஜார்ஜ் டவுனில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. டி. எஸ். ராமநாதன் இங்கே மேயராக இருந்தார். 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச ஆணையம், தேர்தல் மீண்டும் வேண்டும் என்று 1968இல் பரிந்துரைத்தது, அது ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது.

அதே சட்டம் ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. புதிய பட்டியல் வந்ததும் அறிவிப்பு வரும். அதில் வரித் தொகையை மட்டும் பார்த்துப் பெருமூச்சு விடாமல், ஆண்டு மதிப்பு என்ற எண்ணைப் பார்த்து, அதைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்ப்போம். அந்த மாத வாடகைக்கு நம் வீட்டுக்கு ஆள் வருமா? வராது என்றால், பட்டியலைத் திருத்தக் குறித்த நாளுக்குப் பதினான்கு நாள்களாவது முன்பாக எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுக்கலாம். அக்கம்பக்கத்து வீடுகளின் வாடகை விவரத்தையும், கூரை ஒழுகினால் அதன் படத்தையும் இணைப்பது நல்லது. முடிவு திருப்தியாக இல்லையென்றால் உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: நம் வீட்டுக்குக் கூடுதலாக மதிப்பிட்டார்கள் என்று மட்டுமல்ல, வேறொரு கட்டடத்துக்குக் குறைவாக மதிப்பிட்டார்கள் என்றும் ஆட்சேபம் எழுத அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது.